சந்தனம் அடைத்த இடைவெளி

அப்பா, என் செல்ல அப்பா,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் கோடுதான். நீங்கள் கடைசியாகச் செய்த ரைபிளில், இரும்பு முடிந்து மரக்கட்டை தொடங்கும் இடத்தில், நூல் கனத்தில் ஒரு மஞ்சள் கோடு. அங்கே எப்போதும் கறுப்புக் கோடுதானே இருக்கும்?

உங்கள் முதல் திதிக்குப் பேப்பரில் படம் போட வேண்டும் என்று அம்மா சொன்னார். படத்துக்குக் கீழே நான் எழுதுகிறேன் என்றேன். எதிரில் ஆள் இருந்தால்தானே எனக்குப் பேச்சு வராது, தாளில் கொஞ்சம் வரும்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: கிள்ளானில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில், வெளிநாட்டுக்குப் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ரைபிள் கட்டிக் கொடுத்தவர் நீங்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான், அதே கடையில் பின்பக்கம் உட்கார்ந்து கட்டைகளுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். "என் மக வாயத் தொறந்தா கிள்ளான்ல மழ வரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். மழை எப்படியும் தினம் வருகிறது, அது வேறு விஷயம்.

அந்த ரைபிள் ஜமால் அங்கிளுக்கு. பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருப்பவர், காட்டெருமை வேட்டைக்குத் தென்னாப்பிரிக்கா போகவேண்டும் என்று வெகுநாள் ஆசை. "இருக்கறதுலயே ஆகப் பெருசு எதுவோ அதக் குடுங்கண்ணே. எரும லா, எலி இல்ல" என்று வந்து நின்றார். நீங்கள் வாதாடவில்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், கடையில் இருந்ததிலேயே பெரிய தோட்டா போடும் ஃபோர் ஃபைவ் எய்ட் ரைபிளைக் கையில் கொடுத்தீர்கள். முதல் சூட்டில் துப்பாக்கியின் உதை வாங்கிப் பின்னால் போனார். அடுத்த சூட்டில், விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார்.

"பாய், கண்ண மூடிட்டுச் சுட்டா எந்தத் தோட்டாவும் சின்னதுதான்" என்றீர்கள்.

தோளைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார். அதைவிடச் சின்ன த்ரீ செவன் ஃபைவ் என்று முடிவானது. எருமைக்கு அதுவே தாராளம் என்றீர்கள். பிடி மெலிந்து வளையும் இடத்தில் மரத்தின் ரேகை நேராக ஓட வேண்டும் என்று எத்தனை வால்நட் பலகைகளைத் திருப்பிப் போட்டீர்கள்! தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றும்படி போல்ட் என்கிற இரும்புத் தாழைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினீர்கள். கடைசிப் பூச்சு எண்ணெயை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் நீங்கள் வரவில்லை.

எண்ணெய் தேய்க்கும்போது நீங்கள் என்னை அதட்டியது ஒரே ஒரு இடத்துக்குத்தான். "அந்தச் சந்துல எண்ணெய எறக்காதம்மா. அது மூச்சு விடுற எடம்." சுடும்போது இரும்பு மயிரிழை பின்னால் நகரும். அங்கே இடைவெளி இல்லாவிட்டால் உதை முழுவதும் மரத்தில் இறங்கி, கட்டை விறகு மாதிரி பிளந்துவிடும். அதனால்தான் அந்தக் கறுப்புக் கோடு.

ஆயுத பூசை வந்தது. வருடா வருடம் நீங்களே எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பீர்கள். ரைபிள் என்றால் தோளில் படும் ரப்பரில் மட்டும். நீங்கள் இல்லாத முதல் பூசையில் அம்மா கிண்ணத்தோடு வந்தார். உங்கள் அரம், உளி, பட்டறைப் பிடி எல்லாவற்றுக்கும் வைத்தார். ஜமால் அங்கிளின் ரைபிளுக்கு மட்டும், உங்கள் நெற்றி என்று நினைத்தாரோ என்னவோ, போல்ட்டுக்குப் பின்னால், இரும்பும் மரமும் சேரும் இடத்தில், மஞ்சள் கலந்த சந்தனத்தை விரல் நிறைய எடுத்து அழுத்தி வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று முதல் சூட்டுக்கு அன்றுதான் போக ஏற்பாடு. முதலாளி சேகர் அங்கிள் பொட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். கோடு மட்டும் மஞ்சளாகவே நின்றது.

"இப்பத்தான் பார்க்க அழகா இருக்கு. அந்தச் சந்து எனக்குக் கண்ண உறுத்திட்டே இருந்துச்சு" என்றார் ஜமால் அங்கிள்.

"சாமியே அடச்சிருச்சு" என்று அம்மா சுண்டலை நீட்டினார்.

முதல் சூட்டிலேயே கட்டை பிளந்தால் உங்கள் கடைசி வேலை அதுதான் என்று ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு தப்பிப் போனால், எருமைக்கு முன்னால் அங்கிள் கையில் பிளக்கும். சேகர் அங்கிள் பெட்டியை மூடப் போனார். மூடியை நான் பிடித்துக்கொண்டேன்.

"கொண்டு போகாதீங்க அங்கிள்."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப என்னடி இது?" என்றார் அம்மா.

"சந்தனம் உள்ள எறங்கிக் காஞ்சிருக்கும்மா. அது மூச்சு விடுற எடம். அப்பா அங்க வைக்க மாட்டாங்க."

சேகர் அங்கிள் விளக்கடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் அவருக்கு வேர்த்திருந்தது. "நானும் பாத்துட்டுத்தான்மா தொடச்சேன். தோணவே இல்ல" என்றார். பிறகு ஜமால் அங்கிளைப் பார்த்து, "பாய், கொட எடுத்துட்டு வந்தீங்களா? இந்தப் புள்ள வாயத் தொறந்திருச்சு."

இரும்பைக் கழற்றி, மூங்கில் குச்சியால் சுரண்டினேன். சந்தனம் கல் மாதிரி இருந்தது. உதிர்ந்த தூளை அம்மா விடவில்லை, தாளோடு வாங்கித் தண்ணீரில் குழைத்து, வீட்டில் உங்கள் படத்துக்கு வைத்தார். என்னைத் திட்டவில்லை. அன்று இரண்டு வாய் சோறு எனக்கு ஊட்டிவிட்டார், சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி.

இப்போது சேதி. போன மாதம் ஜமால் அங்கிள் திரும்பி வந்தார். எருமை புதரிலிருந்து நேரே இவரைப் பார்த்து வந்ததாம். "உங்கப்பா சொன்னாருன்னு கண்ண மூடலம்மா. ரெண்டாவது தோட்டா எப்ப ஏறுச்சுன்னே தெரியல" என்றார். அவர் முழுசாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான், எனக்கு இத்தனை மாதமாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது. உங்களுக்கும் இறங்கியதா அப்பா?

வருகிற பூசைக்குப் பொட்டு நான் வைக்கிறேன். ரப்பரில் மட்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார்.

அங்கிள் போனதும் ரைபிளை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிடியில் ஒரு கீறல் இல்லை. கோடு கறுப்பாக இருந்தது. துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிலும் தேய்த்தேன்.

வாய் திறக்காத உங்கள் மகள்,
தேவி
கிள்ளான்