ஸ்டேபிள் என்றால் நிற்பது

ஐப்பசி 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் நைனாவுக்கு அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றியாயிற்று. வலது பக்கம் அசைவே இல்லை. பேச்சும் போச்சு.
டாக்டர் வந்தார். "பேஷண்ட் ஸ்டேபிள்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதானே.
"இன்னாடி சொல்றாரு?"
"நெலையா இருக்காராம்மா."
அவ்வளவுதான். நைனாவின் கட்டிலருகே நின்றபடியே அம்மா சித்திக்குப் போன் போட்டாள். "நெலையா நின்னுடுவாராம்! டாக்டரே சொல்லிட்டாரு!"

செவ்வாய்
கொஞ்சம் வெயில். போனில் அகராதி பார்த்தேன். ஸ்டேபிள்: உறுதியான, மாறாத. இன்னொரு அர்த்தம், குதிரை லாயம். நம் ஊர்ப் பக்கத்துக் கோட்டையில் இருக்கிறதே, அதுதான். இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர், 'நிற்பது'. அப்படியானால் அம்மா சொன்னதில் தப்பே இல்லை! சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.
டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "இதுக்கு மேல மோசமாகல, அவ்ளோதாம்மா. நடப்பாருன்னு எதிர்பார்க்காதீங்க. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."
மாறாத. இனி இப்படியேதான்.
வாங்க வேண்டியவை: ரப்பர் ஷீட், பவுடர், டயப்பர். அம்மா சொன்னது: நைனாவுக்குப் புதுச் செருப்பு.
செருப்பு வாங்கவில்லை. கடை பூட்டியிருந்தது என்று புளுகினேன்.

புதன்
மறுபடி மழை. ஆட்டோவில் சிங்கவரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தூக்கி இறக்க நாலு பேர்.
அம்மா மலைக்கோயிலுக்குப் போய்த் துளசி கொண்டுவந்தாள். "படுத்துனு இருக்கிற பெருமாள்கிட்டப் போயி இவர எழுப்பி உடுன்னு கேக்கறேன் பாரு." நைனாவைப் பார்த்துச் சிரித்தாள்.
பக்கத்து வீட்டு அக்கா: "கையே ஆடலியே?"
அம்மா, சத்தமாக: "ஸ்டேபிள்டி. தீவாளிக்குள்ள நடப்பாரு."
இந்த ஆசையை எப்படி உடைக்க?

வியாழன்
கரண்ட் இல்லை. புழுக்கம். அம்மா நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.
"அம்மா, ஸ்டேபிள்னா எழுந்து நிக்கறதில்ல. இப்படியே இருக்கறது. நைனா இனிமே நடக்க மாட்டாரு."
அவள் அதிரவே இல்லை. அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.
"எனக்குத் தெரியாதாடி? அன்னிக்கே உம் மூஞ்சியப் பாத்தேனே." குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத்தான் தெரியாது. காது நல்லா கேக்குதுடி அவருக்கு."
நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை.