மூவாயிரத்துக்குக் கீழே இல்லை

செவ்வாய், ஜூலை 7, 1998

காலையிலேயே வெயில். குழாயைத் திறந்தால் காற்றுதான். தண்ணீர் லோரி பத்து மணிக்குத்தான் வரும். வாளிகளை வாசலில் வைத்துவிட்டு இன்டர்வியூவுக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு ஆயிஷா நிரப்பி வைப்பதாகச் சொன்னாள். மகராசி.

வேலை போய் ஐந்தாவது மாதம். பன்னிரண்டு வருடம் ஒரே ஃபைனான்ஸ் கம்பெனி, ஒரே டேட்டாபேஸ். இப்போது கிள்ளானில் எந்தக் கடையில் வெங்காயம் மலிவு என்பது மட்டும் அத்துப்படி.

சுபாங் ஜெயா வரை ரயில். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. கம்ப்யூட்டர் பிரிவு மானேஜர் மிஸ்டர் லிம். ‘டெஸ்ட்’ என்று ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஒரே வாடிக்கையாளர் பழைய அடையாள அட்டை (ஐ.சி.) நம்பரில் ஓர் ஆள், புது ஐ.சி. நம்பரில் இன்னோர் ஆள். ஒருத்தருக்கே இரண்டு பில் போகிறது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. ஐந்து மாதமாகத் துறுதுறுத்த கை. பசியே தெரியவில்லை.

பிறகு சம்பளப் பேச்சு.

“ஹஸ்பண்ட் வேலை செய்றாரா?”

“செய்றார்.”

“அப்ப பரவாயில்லை லா. ஆயிரத்து எழுநூறு. மார்க்கெட் இப்ப அப்படி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

கடைசியாக வாங்கியது மூவாயிரம் ரிங்கிட். ‘தேங்க் யூ’ என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு தேங்க் யூ? என் வாயைத் தைக்க வேண்டும்.

வாளிகள் நிறைந்திருந்தன. ஒன்றில் மூடி போட்டுக்கூட வைத்திருந்தாள்.

புதன்

மேகம். மழை இல்லை.
வாங்க: பருப்பு, முட்டை, சோப்பு (சின்னது). கரண்டு பில் கடைசி நாள். மூக்குக் கண்ணாடி: அடுத்த மாதம்.

வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். கிளார்க் சம்பளம் மட்டும். ‘அந்த வேலையை எடுத்துக்கொள்’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ஒனக்கு மனசு ஒப்புனா போ வசந்தா. நான் சொல்லித்தான் நீ போனேன்னு இருக்கக் கூடாது” என்றார். என் செருப்பின் அறுந்த வாரையும் ஒட்டி வைத்திருக்கிறார். கோபக்காரியைக் கட்டிக்கொண்டு இந்த மனிதர் படும் பாடு. நான் கொடுத்து வைத்தவள்தான்.

கவிதா: “டியூஷன நிறுத்திடட்டுமாம்மா?” எஸ்.பி.எம். பரீட்சைக்கு நான்கு மாதம்கூட இல்லை, கேட்கிற கேள்வியைப் பார். கத்திவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஆயிரத்து எழுநூற்றுக்கே சரி சொல்லிவிடலாம். முடிவு செய்தாயிற்று.

சாயங்காலம் சேகர் போன். பழைய ஆபீசில் பக்கத்து மேசை, என்னைவிட ஐந்து வருடம் பின்னால் சேர்ந்தவன், என்னோடு ஒரே நாளில் வேலையை இழந்தவன். அதே இன்சூரன்ஸ் கம்பெனி இன்று அவனையும் கூப்பிட்டிருக்கிறது. “நாளைக்கு பிரிக்பீல்ட்ஸ் வா. போன்ல வேணாம்.”

வியாழன்

தூறல். பிரிக்பீல்ட்சில் குடையோடு குடை முட்டல்.

ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் சம்பளம் எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்குத் தெரியாது. கேட்டால் பாவம் மாதிரி. இன்று எடுத்த எடுப்பில் கேட்டான்.

“எவ்ளோ சொன்னாங்க?”

“நீ மொதல்ல சொல்லு.”

“ரெண்டாயிரத்து ஐநூறு.”

டீ புரையேறிவிட்டது. என்னுடையதைச் சொன்னேன். வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“இன்னொண்ணு கேளு. டெஸ்ட்டுன்னு ஒரு வேல குடுத்தாங்க. பாதி முடிஞ்சிருந்திச்சு. பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு, ஒன் கை. அத வெச்சுத்தான் நெசமாவே பில்ல சரி பண்ணிக்கிட்டு இருக்கானுங்க.”

அப்படியானால் அது டெஸ்ட்டே இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க ஓசியில் உழைத்திருக்கிறேன், சாப்பாடுகூட இல்லாமல். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

“மூவாயிரம் கேளு. நானும் அதேதான் சொல்வேன். கீழ எறங்க மாட்டேன்.”

“ரெண்டு பிள்ளைங்கள வெச்சிருக்க சேகர். வர்றத ஏன் விடுற?”

“நீ செஞ்சு வெச்ச வேலைக்கு நான் போயி சம்பளம் வாங்குறதா? போ லா.”

டீக்காசையும் அவனே கொடுத்தான். எடுக்க விடவில்லை. வேலையில்லாதவன் கொடுக்க, வேலையில்லாதவள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி

வெயில். ஒட்டிய வார் நன்றாகத் தாங்குகிறது.

மிஸ்டர் லிம்மிடம் சொன்னேன்: மூவாயிரம். பன்னிரண்டு வருட அனுபவம். நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது நான் செய்து கொடுத்தது.

“வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?” என்று சிரித்தார். பிறகு உள்ளறைக்குப் போய் போன் போட்டார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பேசப் பேசச் சிரிப்பு குறைந்தது.

திரும்பி வந்து, “அந்த சேகரும் மூவாயிரம்தானாம். வேலை தெரிஞ்ச ஆள் வேணும்னா உங்களையே எடுக்கச் சொல்றார். உங்களுக்குச் சொந்தமா?” என்றார்.

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார்.

“ஓக்கே லா. மூவாயிரம். திங்கட்கிழமை வாங்க.”

கடிதத்தோடுதான் எழுந்தேன். ரயிலில் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்காரர் நேரே கடைக்குப் போய் கோழி வாங்கி வந்தார். கவிதா ஒரு குதி குதித்தாள். ஆயிஷா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு.

சேகருக்கு இரண்டு தடவை போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

சனி

விடியற்காலையில் நல்ல மழை. தண்ணீர் பிடித்தாயிற்று.

ரவாங்கில் இருக்கும் சேகர் வீட்டுக்கு மறுபடி போன். சேகர் மனைவி மலர் எடுத்தாள்.

“அவரு இல்லீங்கக்கா. டாக்சி ஓட்டப் போயிட்டாரு. இன்னிக்குத்தான் மொத நாளு.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

“அக்கா, ஒங்களுக்கு அந்த வேல கெடச்சிடுச்சா? நேத்துலருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு.”

கிடைத்துவிட்டது என்றேன்.

“அப்பாடா” என்றாள்.