ஓரகத்தியைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தை

மார்ச் 4
சீசன் தொடங்கப் போகிறது. அறை சுத்தம் செய்ய, பரிமாற, பாத்திரம் கழுவ என்று ஹோட்டலுக்குத் தற்காலிக ஆட்கள் எடுக்க வேண்டும். பல வருடமாக இது என் வேலை. இன்று மேனேஜர் கூப்பிட்டு, இந்த முறை நேர்காணலில் என்னோடு என் ஓரகத்தியும் உட்காரட்டும் என்றார். போன சீசனில் அவளைச் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே வீட்டில் இருக்கிற கொழுந்தன் கெஞ்சினாரே என்று. தேவையா எனக்கு?

மார்ச் 11
நான் முன் அனுபவம் கேட்கிறேன். அவளோ, "பாப்பாவ யார்கிட்ட விட்டுட்டு வருவீங்க?" என்று கேட்கிறாள். வருகிறவர்கள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொந்தக் கதை பேசுகிறார்கள். மேனேஜர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, தலையாட்டிக்கொண்டே போனார்.

மார்ச் 12
சாப்பிடும்போது என் வீட்டுக்காரரும் அவளைப் புகழ்ந்தார். நாளைக்கு அவளே இவருக்கு ஆக்கிப் போடட்டும்.

ஏப்ரல் 23
நான் தேர்ந்தெடுத்த ஏழு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஏரிக்கரை ரிசார்ட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே சம்பளம் கூடவாம். எல்லா அறையிலும் விருந்தாளிகள். நானே மாடி மாடியாக ஏறிப் படுக்கை விரித்தேன். அவள் ஒரு மூலையில் நின்று போன் மேல் போன் போட்டாள். மாலைக்குள் புதிதாக ஏழு பேர் வந்து நின்றார்கள். "இவங்கள எங்க போடணும்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்று என்னிடமே ஒப்படைத்தாள். கொஞ்சம் திமிராக நடந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஏப்ரல் 30
அதே ரிசார்ட்டிலிருந்து போன். ஆள் எடுக்கும் பொறுப்புக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். விசாரிக்க என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். மட்டமாகச் சொன்னால் இங்கேயே என் பக்கத்தில் இருந்து தொலைப்பாள். உயர்த்திச் சொன்னால் போய்விடுவாள் – வாய் நிறையச் சொன்னேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் கொடுமை.

மே 2
வேலை கிடைத்துவிட்டது. அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கம்மாகூட என்னப் பத்தி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா." நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். சீ, என்ன ஜென்மம் நான்? ஆனாலும் போகிறாளே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

மே 6
அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை நானே தூக்கி வெளியே போட்டேன்.

ஜூன் 19
ரிசார்ட்டில் ஆள் பற்றாக்குறை என்று கேள்வி. அவள் சேர்த்துவிட்ட ஏழு பேரும் அவள் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன். ஒருவர்கூடப் போகவில்லை. என்மேல் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். இன்று அந்த ஏழு பேரில் பாத்திரம் கழுவுகிறவரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நாங்க அவங்ககிட்ட போய்க் கேட்டோம்மா. எங்கக்காவ நட்டாத்துல விட்டுட்டு வர்றவங்களுக்கு இங்க வேலை இல்லன்னுட்டாங்க."

வீட்டுக்கு வந்தேன். அவள் இன்னும் வரவில்லை. அவள் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, அவளுக்கும் ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தேன். பொறாமை போய்விட்டதா? எங்கே போகும். முன்பு அவள் கெட்டிக்காரி என்று எரிந்தது. இப்போது நல்லவள் என்றும் சேர்ந்து எரிகிறது.