என் மூக்கு பற்றிய வழக்கு

மார்ச் 6, 2017
இன்று டாண்டினாங்கில் ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்தேன். வீட்டுக்கு வந்தால் மின்னஞ்சல். அகதிப் பாதுகாப்பு கேட்ட என் மனுவைத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்துவிட்டது.

நான் ஹசாரா இனத்தவன் என்பதை நம்புகிறார்களாம். ஆப்கானிஸ்தானில் ஹசாராக்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொல்கிறார்கள் என்பதையும் நம்புகிறார்களாம். ஆனால் என் மூக்கு நீளம், கண் பெரிது. பார்த்தால் ஹசாரா என்று தெரியாது. ஆகவே காபூலில் நிம்மதியாக வாழலாமாம்.

கூடத் தங்கியிருக்கும் பொஸ்தான் அண்ணனிடம் காட்டினேன். “நம்மாளுங்கள்ல நீ ஒருத்தன்தான் அழகா இருக்கே. அதுக்கும் தண்டனையா?” என்றார். பிறகு தன் பங்கு மந்துக் கொழுக்கட்டையையும் என் தட்டில் வைத்தார்.

மார்ச் 7
தூக்கமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். நீளம்தான்.

மார்ச் 14
இலவச சட்ட உதவி. வக்கீல் பெயர் ப்ரான்வென். “கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா நீங்க சொல்றது நிஜமான்னு நீதிபதி பார்க்க மாட்டார். தீர்ப்பாயம் முறைப்படி முடிவெடுத்துச்சான்னுதான் பார்ப்பார்.”

அதாவது, என்னைக் கொல்வார்களா என்பது கேள்வியே இல்லை. கொல்லமாட்டார்கள் என்றவர் அதைச் சரியாகச் சொன்னாரா என்பதுதான். புரிகிறது என்றேன்.

“உங்க முகத்தைப் பத்தி விசாரணையில கேட்டாங்களா?”

“இல்லை.”

“கேட்டிருந்தா?”

“எங்கண்ணன் ஸஃப்தருக்கும் இதே மூக்குதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணனை கஸ்னி சாலையில் சுட்டுக்கொன்றது மனுவில் இருக்கிறது. முதலில் முகத்தைப் பார்த்து அவனை விடப் பார்த்தார்கள், பிறகு பேர் கேட்டார்கள், பதில் சொன்னான், பேச்சு காட்டிக்கொடுத்துவிட்டது என்பதெல்லாம் அதில் இல்லை. மூக்கைப் பற்றியெல்லாம் யார் எழுதுவார்கள்?

ஜூன் 2
குவெட்டாவிலிருந்து என் மனைவி ஸெவர் பேசினாள். “ஜெயிச்சா நாங்க வந்துடலாமா?”

“ஜெயிச்சா திரும்ப விசாரிப்பாங்க.”

“தோத்தா?”

“விசாரிக்க மாட்டாங்க.”

மகள் பின்னால் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, 2018
நீதிமன்றம். பொஸ்தான் அண்ணனின் கோட்டு. தோளில் தொங்கியது.

“இவர் முகத்தைப் பத்தி இவர்கிட்டயே ஏன் கேட்கல?” என்றார் நீதிபதி.

“பார்த்தாலே தெரியுதுங்களே, ஐயா,” என்றார் அரசு வக்கீல்.

“யாருக்கு?”



கேட்டிருந்தால் நான் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருப்பேன் என்றார் ப்ரான்வென். ஒரே வாக்கியம். என் அண்ணனுக்கு ஒரு வாக்கியம் — போதுமாடா ஸஃப்தர்? நானாவது எழுந்து கத்தியிருக்கலாம்ல? கோட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏப்ரல் 11
வென்றேன். வேறு அதிகாரி முன்னால் முதலிலிருந்து.

“ஜெயிச்சியா, மறுபரீட்சையா?” என்றார் பொஸ்தான் அண்ணன்.

“ரெண்டும்தான் அண்ணே.”

செப்டம்பர் 5
புது அதிகாரி ஒரு பெண். “உங்கண்ணனைப் பத்திச் சொல்லுங்க. அவசரமில்ல.”

சொன்னேன். நடுவில் மொழிபெயர்ப்பாளர் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். அவரும் ஹசாராதான், பார்த்தாலே தெரியும்.

அக்டோபர் 30
பாதுகாப்பு கிடைத்தது. மதியம் வேலைக்குப் போனேன். ஒரு வரிசை கோணலாகிவிட்டது. பெயர்த்துத் திரும்ப ஒட்டினேன்.

நவம்பர் 19, 2019
ஸெவர் பேசினாள். “அங்க இப்ப குளிரா, வெயிலா?”

காலையில் குளிர், மதியம் வெயில், சாயங்காலம் மழை என்றேன்.

“ஒழுங்கா சொல்லுங்க. பெட்டி மூடணும்.”