பதினான்காம் அறையில் ஒருத்தி

அன்புள்ள கடைசித் தங்கைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

உன் மகளை உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா, நான் விடுதி வார்டனாக இருக்கும் இங்கே சேர்ப்பதா என்று கேட்டிருந்தாய். உன் அத்தான் தவறிய பிறகு எனக்கும் துணையாகட்டும் என்று, அவளுக்காகப் பதினான்காம் அறையைப் பூட்டியே வைத்திருந்தேன்.

நேற்று வருகைப் பதிவேட்டில் அந்த அறைக்கு நேரே அவள் கையெழுத்து. நான் பழக்கிய அதே சாய்வு. காவலாளியை அதட்டினேன்.

"ஒரு வாரமா இருக்குதேம்மா அந்தப் பொண்ணு! நீங்க பெரியம்மான்னு சொல்லுச்சே."

பூட்டைத் திறந்தேன். யாருமில்லை. படுக்கை சுருக்கமின்றி விரிக்கப்பட்டிருந்தது. தலையணை மட்டும் ஈரம்.

பயப்படாதே. உன் மகள் அங்கேயே படிக்கட்டும். இது ஒருவர் தங்கும் அறை. விதியை நான் மீறுவதில்லை.

தபாலுக்கு நேரமாகிறது. அவள் அளவில் ஒரு ஸ்வெட்டர் அனுப்பு. அறை மிகவும் குளிர்கிறது.

அக்கா