விருந்து முடியும்வரை காத்திருந்த உரிமை

அன்பு அத்தாவுக்கு,

கபுருக்குள் அடங்கிவிட்டவர்களுக்கும் சலாம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பழைய கூட்டாளி சலீம் மாமா நாளை மதியம் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். அங்கே சொத்து என்பது அதிக விலை கொடுப்பவருக்கு. நீங்கள் சொன்ன ஷுஃப்ஆ சட்டம் எங்கள் பாடத்தில் இல்லை. கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பாகத்தை வெளியாருக்கு விற்றால், அதே விலைக்கு அதை எடுத்துக்கொள்ளும் உரிமை மற்றப் பங்காளிக்கு உண்டு என்கிற சட்டம். "வெலய மட்டும் பாத்தா போதுமாம்மா? பக்கத்துல யாரு வந்து உக்காருவாங்கன்னு பாக்க வேணாமா?" என்பீர்கள். ஆனால் விற்ற செய்தி காதில் விழுந்த உடனே கேட்டுவிட வேண்டும். தாமதித்தால் உரிமை போய்விடும்.

அது மாமாவுக்கும் தெரியும். அதனால்தானே நீங்கள் இருவரும் கூட்டாக வைத்திருந்த பெரிய மார்க்கெட் அரிசிக் கடையில் தன் பாதியைப் பிராந்திக் கடைக்காரருக்கு விற்றுவிட்டு, நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே அதைச் சொன்னார்? உங்கள் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். ஆனாலும் விருந்தாளி சாப்பிடும்போது வழக்குப் பேசக் கூடாதென்று இன்னொரு கரண்டி கறி வைத்தீர்கள். அவர் கை கழுவிய பிறகுதான் உங்கள் உரிமையைக் கேட்டீர்கள்.

"அப்பவே கேட்டிருக்கணும் மச்சான். இப்ப லேட்டாயிடுச்சு" என்றார், ஈரக் கையைத் துடைத்தபடி. ஜமாத் பஞ்சாயத்திலும் அதையே சொல்லி ஜெயித்தார்.

பிராந்திக் கடை வந்ததும் பெண்கள் நம் கடைப் பக்கமே வரவில்லை. அரிசியில் வண்டு விழுந்தது. அந்த வருஷமே நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் கறிக் கரண்டியையே நான் இன்னும் மன்னிக்கவில்லை அத்தா. அவரை மன்னிப்பேனா?

இப்போது கேளுங்கள். மாமாவும் அவர் தம்பியும் கூட்டாக வைத்திருக்கும் முல்லா வீதி வீட்டில், தம்பி தன் பாதியை விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போகிறார். இந்த வாரம் பதிவு முடிந்தது. வாங்கியது நான். "அண்ணங்கிட்ட நீயே சொல்லிக்கம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று தம்பி ஒதுங்கிக்கொண்டார். மாமாவுக்கு இன்னும் தெரியாது. பக்கத்தில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைப்பேன் என்று அவரும் கொஞ்சம் யோசிக்கட்டுமே.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன். முதல் கவளம் மாமாவின் வாய்க்குள் போன பிறகுதான் வீட்டை வாங்கிய செய்தியைச் சொல்வேன். உடனே கேட்டால் அதே விலைக்குக் கொடுத்துவிடுவேன், உங்கள் சட்டத்தில் கை வைக்க மாட்டேன். ஆனால் என் சோற்றை எல்லார் எதிரிலும் துப்பிவிட்டுத்தான் அவர் கேட்க வேண்டும். மென்று விழுங்கிவிட்டுக் கேட்டால், "லேட்டாயிடுச்சு மாமா" என்று நானே சொல்வேன். அல்லாஹ் அறியச் சொல்கிறேன்.

இன்னொரு கரண்டி கறியோடு நிற்கப்போகும்
உங்கள் மூத்த மகள்,
மைமூன்