நான்கு குழல்கள்

மேட்டுப்பாளையம்
12.8.1994

மரியாதைக்குரிய டாக்டர் பொற்கொடி அம்மா அவர்களுக்கு,

கோத்தகிரி பஸ் கண்டக்டர் கௌதமன் எழுதுவது. நலம். தாங்களும் நலமாயிருக்க வேண்டும். கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கடைசி ஊசியும் போட்டாயிற்று. இந்த வாரம் டூட்டியில் சேர்ந்தேன். முடி முளைக்கிறது. மலை வளைவுகளில் நின்றபடி டிக்கெட் கிழிக்க இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

முதல் ஊசிக்கு முன் தங்களிடம் அனுப்பினார்கள். அந்தச் சின்ன டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு வெட்கத்தில் அழுதேன். "ஏனுங்க கௌதமன், நோய் போனதுக்கப்பறம் நீங்க பொழைக்க வேண்டாமுங்களா? இந்த மருந்து உயிரணுவையெல்லாம் அழிச்சுப்போடும். இப்பவே எடுத்து உறைய வெச்சுட்டா, ஒரு நாள் கொழந்தைக்கு ஆகும்" என்றீர்கள். மற்றவர்கள் நான் சாவேனா பிழைப்பேனா என்று பார்த்தபோது, பிழைத்தபின் என்ன என்று யோசித்தது தாங்கள் ஒருவர்தான்.

என்னுடையது பத்திரமாக இருக்கிறதா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பணிவுடன்,
ந. கௌதமன்

கோயம்புத்தூர்
20.8.1994

அன்புள்ள கௌதமன்,

கூச்சம் எதற்கு? உங்களுடையது நான்கு குழல்களில், திரவ நைட்ரஜனுக்குள் பத்திரமாக உறைந்திருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நானே நைட்ரஜன் ஊற்றி நிரப்புகிறேன். அறைச் சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. "ஊட்டுச் சாவியத் தொலைச்சுப்போடற, அந்தச் சாவிய மட்டும் தாலியோட கோத்துக்கற" என்று என் கணவர் கேலி செய்கிறார்.

உங்களையும் சேர்த்துப் பதினேழு பேர். எல்லோரும் முப்பதுக்குள். உறைந்த உயிரணுக்களில் எத்தனை பிழைக்கின்றன என்ற ஆய்வை ஜனவரியில் பம்பாய் மாநாட்டில் வாசிக்கிறேன். யார் பெயரும் வராது. பத்து வருட உழைப்பு இது. மார்ச்சில் ஒரு பரிசோதனைக்கு வாருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
பொற்கொடி

மேட்டுப்பாளையம்
3.4.1995

மரியாதைக்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

போன மாதப் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. தாங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினீர்கள். தங்களுக்கும் வருத்தம் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்த நான்கு குழல்கள் இருக்கின்றனவே.

உடுமலைப்பேட்டையில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். சாந்தாமணி, பால்வாடி டீச்சர். நான் எதையும் மறைக்கவில்லை. பெண்ணின் அப்பாதான் தயங்குகிறார். "அந்த டாக்டரம்மா ஒரு வரி எழுதிக் குடுப்பாங்களா? எங்கப்பாவுக்குக் காட்டோணுங்க" என்று சாந்தாமணி கேட்டார். அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ந. கௌதமன்

கோயம்புத்தூர்
2.5.1995

அன்புள்ள கௌதமன்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் உயிரணுக்கள் பாதுகாப்பில் உள்ளன. குழந்தை பிறக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் நம்பிக்கை வைக்கலாம். இருவருக்கும் வாழ்த்துகள். திருமணத்துக்கு வர இயலாது.

பொற்கொடி

கோயம்புத்தூர்
9.11.1997

கௌதமன், சாந்தாமணி இருவருக்கும்,

சிகிச்சைக்காக மூன்று முறை வந்தீர்கள். மூன்று முறையும் ஏதோ காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எல்லாம் பொய்.

1995 ஜனவரியில் நான்கு நாள் என்று பம்பாய் போனேன். என் ஆய்வைக் கேட்டவர்கள் இன்னும் இரண்டு ஊர்களில் பேச அழைத்தார்கள். பதினாறு நாள் ஆகிவிட்டது. சாவி என்னோடு இருந்தது. குழல்கள் இருந்த நைட்ரஜன் கலனில் கசிவு இருந்திருக்கிறது. திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது வழக்கமான வெண்புகை எழவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குளிரே இல்லை. பதினேழு பேருடையதும் போயிற்று.

"பாதிப் பேரு உசுரோட இருக்கமாட்டாங்க. யாரு வந்து கேக்கப்போறாங்க, சும்மா இருங்க" என்றார் எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகி. அவர்மேல் பழி போடவில்லை. என் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. நானும் சும்மா இருந்தேன்.

உங்கள் கடிதம் ஒரு மாதம் என் மேசையில் கிடந்தது. உண்மையை எழுதினால் கல்யாணம் நின்றுவிடும், உங்களுக்காகத்தான் பொய் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்காக எழுதிய பொய் அது.

மருத்துவக் கவுன்சிலுக்கும் நடந்ததை எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

பொற்கொடி

மேட்டுப்பாளையம்
24.11.1997

டாக்டரம்மாவுக்கு,

சாந்தாமணி எழுதுவது. கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். பாதியில் என்னிடம் நீட்டிவிட்டு, யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அன்று அவருக்கு லீவு.

நேற்று டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தார். "நீ இப்பக்கூட உங்கப்பனூட்டுக்குப் போலாம் சாந்தாமணி. பொய்யச் சொல்லிக் கட்டிக்கிட்டு வந்துபோட்டேன்" என்றார். "பொய் சொன்னது நீங்க இல்லீங்க" என்று அவரிடம் சொன்னேன். காதில் ஏறவில்லை.

உங்கள் வரி அப்பாவுக்குத்தான் வேண்டியிருந்தது, எனக்கில்லை. பெண் பார்க்க வந்த அன்று, யாரும் கேட்காமலே தன் நோயையும் பரிசோதனை முடிவையும் எடுத்துச் சொன்ன மனிதர் அவர். அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன். ஒன்றுமே இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தால், வீட்டில் சண்டை போட்டு அவரையே கட்டியிருப்பேன். அதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். இப்போது வாயால் சொல்கிறேன். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்கிறார்.

கலன் கசிந்ததற்கு உங்களைத் திட்ட மாட்டேன். மற்ற பதினாறு பேருக்கும் எழுதிவிடுங்கள். அவர்களில் கல்யாணத்துக்கு நிற்பவர்கள் இருப்பார்கள். எங்களுக்கு இனி எழுத வேண்டாங்க.

ஒன்றுமே இல்லை என்றாலும் அவரையே கட்டியிருப்பேன் என்று, அவர் நம்புகிற வரைக்கும் நான் தினமும் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கௌ. சாந்தாமணி